மலைப்பயணத் திட்டம்: திருத்த வேண்டிய பிரதி

1

இந்தக் கதை நாலு வரிக் கடிதமாக இருந்திருக்க வேண்டியது.

“அன்புள்ள தங்கை லூசியாவுக்கு, மலைக்குப் போக நான் போட்டுத் தந்த திட்டத்தில் பிழை இருக்கிறது. அதில் குறித்த திகதியில் ஏற முடியாது. டிசெம்பர் வரையில் பொறுக்க வேண்டும். பிழை என்னுடையது.”

இவ்வளவுதான் விடயம். லூசியாவின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது வேலி. கடிதம்கூடத் தேவையில்லை, குசினி வாசலில் நின்று குரல் கொடுத்தாலே கேட்கும். ஒன்பது நாட்களாக நான் குரல் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு புதிய கொப்பி எடுத்து, இடது பக்கம் விளிம்பு விட்டு, மேலே இலக்கம் போட்டுக் கதை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் ஊரான அரிப்பில் அரசாங்கக் கந்தோர் அலுவலாகக் கடிதம் எழுத வேண்டியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் பழக்கியவர் சொன்ன முறையை இன்றைக்கும் விடவில்லை: ஒரு பந்திக்கு ஒரு விடயம், பந்திக்கு ஓர் இலக்கம், கேட்க வேண்டியதைக் கேள்வியாகவே கேள். அந்த முறையில் எழுதினால் எந்தப் பிழையும் வராது என்று நம்பி வந்தவன் நான். வாசிக்கிற உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை வந்ததும் அந்த முறையால்தான்.

2

தொடக்கத்துக்கு மூன்று பிரதிகள் எழுதினேன்.

முதலாவது: “மலை பனியால் மூடியிருந்தது. தூரத்தில் ஒரு குருவி” — நான் மலையைக் கண்டதேயில்லை. எங்கள் ஊரில் உயரமானவை இரண்டு. ஒன்று கடலரித்து இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டைச் சுவர். மற்றது எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக்காரர் நிற்கும் மேல்தட்டு. குருவியோடு சேர்த்து வெட்டிவிட்டேன்.

இரண்டாவது: “வேணுஜாவுக்கு இருபத்தெட்டு வயது. நல்ல சுகதேகி. அவளுக்கு ஒரு பழைய காட்டுப்பாதையால் இரவிரவாக நடந்து மலையுச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அவளுடைய அண்ணன் திட்டம் போட்டான். திட்டத்தில் பிழை. அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ‘அதுக்கென்ன அண்ணை, டிசெம்பரில போவம்’ என்றாள் வேணுஜா.”

கதை முடிந்துவிட்டது. அரைப் பக்கம். (வேணுஜா என்று ஒருவரும் இல்லை. தங்கையை எழுதப் பயந்து நான் செய்த ஆள். அவளைச் சுகமாகப் படைத்ததுதான் பிழை. அவளால் டிசெம்பர் என்று சொல்ல முடிகிறது.)

மூன்றாவது: “லூசியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வருடம் அவளுடைய இடது மார்பில்”

இந்த வசனம் எனக்கு முடிகிறதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவருக்கு இந்த வசனம் தெரிந்திருக்கும்.

3

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

மகரகம ஆஸ்பத்திரியில் லூசியாவுக்கு ஆறு ஊசி. பக்கத்துக் கட்டிலில் குசுமாவதி என்ற சிங்களப் பெண். இரத்தினபுரிப் பக்கம், மலையடிவாரக் கிராமம். தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ச் சனத்தோடு கொழுந்தெடுத்து வளர்ந்தவள் என்பதால் தமிழ் பேசுவாள், மலைநாட்டுத் தமிழ். இரண்டு பேருக்கும் ஊசி ஒரே நாட்களில் விழுந்தது. ஊசி ஏறும் மணித்தியாலங்களில் குசுமாவதி தன்னுடைய ஊரிலிருந்து சிவனொளிபாதமலைக்கு, எங்கள் ஆட்கள் ஆதாம் மலை என்பதற்கு, போகும் பழைய பாதையைச் சொல்லத் தொடங்கினாள். அந்தக் காலத்தில் அரசர்களும் போன பாதையாம். இப்போது ஆட்கள் அதிகம் போவது படிக்கட்டும் கடையும் உள்ள மற்றப் பக்கத்தால்தான். இது காடு. பொழுதுபடத் தொடங்கினால் விடியும்போது உச்சி.

முதல் ஊசிக்குக் கிராமத்தின் கடைசி வீடு வரை. இரண்டாம் ஊசிக்கு முதல் ஆற்றங்கரை. எந்த இடத்தில் பாறையைப் பிடித்து ஏற வேண்டும், எந்த அம்பலத்தில், வழிப்போக்கர் மடத்தில், படுத்து எழும்பலாம், எந்த வளைவில் திடீரென்று குளிர் அடிக்கும் என்றெல்லாம் சொல்லிச் சொல்லி, ஆறாம் ஊசியன்று கடைசி ஏற்றத்தின் அடிக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் வீட்டுக்குப் போகலாம் என்று குசுமாவதிக்குத் துண்டு வெட்டியாகிவிட்டது.

“மிச்சத்த வந்து பாருங்க லூசியா” என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

லூசியா வீட்டுக்கு வந்தாள். முடி முளைத்தது. இந்த ஜூனில் கிளினிக்குக்குப் போனபோது படத்தில் ஒரு சின்ன நிழல் தெரிகிறது என்றும், அது என்னவென்று இப்போது சொல்ல முடியாது, ஒக்டோபரில் திரும்பப் பார்ப்போம் என்றும் டொக்டர் சொன்னார். நடக்கலாமா என்று லூசியா கேட்டாள். நன்றாக நடக்கலாம், எவ்வளவும் நடக்கலாம் என்றார். அன்று பஸ்சில் வரும்போது அவள் என்னிடம் சொன்னது இது:

“அண்ணை, ஒக்டோபருக்கு முன்னம் எனக்கு அந்த மலையை ஒழுங்குபடுத்தித் தாங்கோ.”

ஒரு குடும்ப அட்டை விடயம் போல, ஒரு காணி உறுதிப்பத்திரம் போலச் சொன்னாள். நானும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

4

திட்டம் போட்ட முறை:

திகதிக்கு ஓகஸ்டைத் தெரிவு செய்தேன். காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். மடு மாதா திருநாள் பதினைந்தாம் திகதியோடு முடியும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று நிற்காது, ஆகவே கிறகரி கடலுக்குப் போவதில்லை. (கிறகரி லூசியாவின் புருசன். முன்பெல்லாம் சோளகத்துக்கு வடகரைக்குப் போய் வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்வான். அவளுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியபின் போவதில்லை.) மூன்றாவது காரணத்தை நான் எழுதவேயில்லை. தேவையென்று தோன்றவில்லை. ஓகஸ்டில் மழை பெய்யாது. எங்கள் பக்கத்தில் ஓகஸ்டில் குடை பிடிப்பது வெயிலுக்கு. கிணறு அடி தெரியும். மாடுகள் காய்ந்த பனையோலையை மெல்லும். மழை என்பது வாடைக் காற்றோடு வருவது, ஒக்டோபர் கடைசியில், அதுவும் கடவுள் நினைத்தால். டிசெம்பரில் மலைக்குப் போவதென்றால் நனைந்து சாகத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான்.

பிறகு பதினெட்டுக் கேள்விகள் எழுதி, குசுமாவதிக்குப் போன் எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரி போட்டேன். பஸ் எங்கே நிற்கும்? எத்தனை மைல்? பெண்கள் ஒதுங்க இடமுண்டா? யானை வருமா? ஒன்பதாவது கேள்வியை அப்படியே தருகிறேன்.

“வழியில குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?”

குசுமாவதி சிரித்தாள். “தண்ணியா சார்? நெறய கெடைக்கும்.”

‘தண்ணீர்: தாராளம்’ என்று எழுதிச் சரி போட்டேன். அந்தத் தாள் இப்போதும் எனக்கு முன்னால் இருக்கிறது.

மழையைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை.

5

இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. லூசியா பழகியதைப் பற்றியது. வெட்டலாம். வெட்ட மனமில்லை.

மேடேயில்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படி? கோயிலின் மேல்தட்டுக்கு இருபத்திரண்டு மரப்படிகள். காலைப் பூசை முடிந்து சனம் போனபின் லூசியா செபமாலையோடு ஏறுவாள். ஒரு தரம் ஏறி இறங்கினால் செபமாலையில் ஒரு மணி. ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. முதல் நாள் நாலாவது மணியில் குந்திவிட்டாள். யூலை முடியும்போது முழுச் செபமாலையும் போனது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அலெக்ஸாண்டர் கீழே நின்று விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான்.

“லூசியாக்கா, மோட்சத்துக்கு ஏறுற படி உதில்லை. உது பாட்டுக்காரற்ற ஓகன் பெட்டிக்கு ஏறுறது.”

“நீ உன்ர கூட்டுறதைக் கூட்டு. நான் ஆதாமின்ர மலைக்குப் பழகிறன்.”

“ஆதாம் அங்க அழுதுகொண்டெல்லோ நிண்டவராம்.”

“அவர் ஏவாளை விட்டிட்டுப் போனதால அழுதவர். நான் மனுசனையும் கூட்டிக்கொண்டு போறன்.”

அவன் சிரித்து, படியில் இரண்டு இடத்தில் ஆணி அடித்துக் கொடுத்தான். ஆட்டம் நின்றது.

6

பிழை தெரியவந்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி. ரயில் இருக்கைகளைப் பதிந்தபின் குசுமாவதிக்குச் சொல்லப் போன் எடுத்தேன். அவளுடைய பக்கத்தில் ஒரே இரைச்சல்.

“என்ன சத்தம் அது? மில் ஏதும் ஓடுதோ?”

“இல்ல சார், மழ. தகரத்துல விழுது.”

“எப்ப தொடக்கம்?”

“மே மாசத்துல இருந்து.”

நான் பகிடி என்று நினைத்தேன். அவள் பகிடி விடவில்லை. அந்தப் பக்கத்தில் மே மாத வெசாக் திருநாளோடு மலைக்காலம் முடிந்துவிடும். விளக்குகளைக் கழற்றிவிடுவார்கள். அம்பலத்தில் ஆளிருக்காது. மறுபடி டிசெம்பர்ப் போயாவுக்கு, பௌர்ணமிக்குத்தான் பாதை திறக்கும். நாங்கள் இங்கே காய்கிற அதே சோளகம்தான் அங்கே மலையில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. மற்றப் பக்கத்துப் படிக்கட்டாலும் அதே மழை, அதே இருட்டு.

“ஆத்த ரெண்டு எடத்துல கடக்கணும் சார். மேல மழ பெஞ்சா திடீர்னு ஏறிரும். போன வருசம் நாலு பேர் ராத்திரி பூரா பாறையில நின்னாங்க. காலையிலதான் கயிறு போட்டு எடுத்தோம்.”

“அப்ப ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

“நீங்க தெரிஞ்சுதான் வாறீங்கன்னு நெனச்சேன். டாக்டர் தேதி சொல்லி அவசரப்படுறீங்கன்னு நெனச்சேன். அதக் கேக்க எனக்கு” — அவள் அந்த வசனத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

7

கிறகரி என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

கதையில் யாராவது ஒருவர் மறிக்க வேண்டுமென்று நினைத்து, முதல் பிரதியில் அவனைக் கடுமையான புருசனாக எழுதினேன். “இந்த உடம்போட மலையோ? வீட்டில கிட!” என்று கத்தவிட்டேன். வசனம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் உண்மையான கிறகரி, மன்னாரில் வாங்கிய புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மண்ணில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். எட்டு இலக்கத்துக்குப் பதில் ஒன்பது வாங்கிவிட்டான். காலோடு வரவில்லை, ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து ஒரு தரம் பிந்தி வந்தது. கத்துகிற வசனத்தை வெட்டினேன்.

அவனிடம் மெல்ல ஆழம் பார்த்தேன்.

“கிறகரி, அங்க மழை வந்தா?”

“வந்தா நனையிறதுதான் மச்சான். நான் கடலில நனையாததோ?”

“கடல் வேற, ஆறு வேற.”

“ரெண்டும் தண்ணிதானே. கடலை விட ஆறு பெரிசோ?” குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான். பிறகு நிமிராமலே சொன்னான். “இருவத்தேழு வருசத்தில அவள் என்னட்டைக் கேட்டது இது ஒண்டுதான். மழை எண்டு சொல்லிப்போட்டு என்னெண்டு வீட்டில இருக்கிறது?”

அதனால்தான் கிறகரியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் போவான். கடலை நாற்பது வருடம் வாசித்தவன் ஆற்றையும் வாசித்துவிடலாம் என்று இறங்குவான். அவள் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள்.

8

இனி முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) நான் சொல்லவில்லை. அவர்கள் போகிறார்கள். வழிகாட்ட ஒழுங்குசெய்த குசுமாவதியின் மகன் ரோச் லைற்றோடு முன்னால். முதல் ஆறு முழங்கால் அளவு, கடந்துவிட்டார்கள். லூசியா சிரிக்கிறாள். இரண்டாவது ஆற்றுக்கு வரும்போது மேலே எங்கேயோ இடி. கிறகரி தண்ணீரைப் பார்க்கிறான். நிறம் மாறுகிறதை அவன் கவனிக்கிறான், ஆனால் கடலில் அந்த நிறத்துக்கு வேறு அர்த்தம். லூசியா முதல் கல்லில் காலை வைத்து

(ஆ) நான் சொல்கிறேன். லூசியா “சரி அண்ணை, டிசெம்பரில பாப்பம்” என்கிறாள். செபமாலையை அலுமாரிக்குள் வைக்கிறாள். கோயில் படியில் ஏறுவதை விடுகிறாள். ஒக்டோபரில் கிளினிக். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து

(இ) நான் சொல்கிறேன். எல்லோரும் ஓகஸ்டிலேயே குசுமாவதியின் வீட்டுக்குப் போகிறோம். மலை ஏறவில்லை. தாழ்வாரத்தில் இருந்து இரண்டு பெண்களும் இஞ்சித் தேத்தண்ணி குடித்தபடி மழையைப் பார்க்கிறார்கள். குசுமாவதி மிச்சப் பாதையை வாயால் சொல்லி முடிக்கிறாள்.

மூன்றாவதைத்தான் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. எழுதி முடித்து, கொப்பியை மூடி, முகம் கழுவப் போனேன். கிணற்றடியில் நிற்கும்போதுதான் சந்தேகம் வந்தது. இந்த முடிவால் ஆறுதல் யாருக்கு? மலைக்குப் போக வேண்டும் என்றவளுக்கு உட்காரக் கதிரையும் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்துச் சமாளிக்கிறேன். கந்தோரில் இருபது வருடம் சனத்துக்கு நான் செய்த வேலை அது. கேட்டது இல்லை, இதைக் கொண்டு போங்கள்.

9

முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், லூசியா மேசையில் இருந்து கொப்பியை வாசித்துக்கொண்டிருக்கிறாள். குரக்கன் மா கேட்டு வந்தவளாம். கிறகரியும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், சப்பாத்தோடு.

கொப்பியைப் பறிக்கலாமா என்று யோசித்தேன். அவள் எட்டாம் பகுதிக்கு வந்துவிட்டாள். விரல் வைத்து வாசிக்கிறாள்.

“அண்ணை.”

“ம்.”

“ஆனாவில என்னை ஆத்தில விட்டிட்டியள்.”

“விடேல்லை. அந்த வசனம் முடியேல்லை, பார்.”

“ஆவன்னாவில டொக்டரிட்டை விட்டிட்டியள். அதுவும் முடியேல்லை. பாதியில நிப்பாட்டினா நான் தப்பீட்டன் எண்டோ?”

கிறகரி சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்குப் பயந்து என்னைப் பார்த்தான்.

“நீ சிரியாத” என்றாள் அவனிடம். “உனக்கு ஆறு தெரியாதாம். எழுதிக் கிடக்கு.”

“ஆர் சொன்னது?”

“உன்ர மச்சான். எழுத்தில.”

அவளுடைய குரலில் பகிடி இருந்தது. முகத்தில் இல்லை. கொப்பியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“பத்து நாளாத் தெரிஞ்சிருக்கு. பத்து நாளும் நான் அந்தப் படியில ஏறி இறங்கினதைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்.”

“என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியேல்லையடி.”

“என்ர உடம்பில கத்தி வைக்கேக்க எனக்குத்தானே சொன்னவங்கள். உங்களுக்குச் சொல்லிப்போட்டு எனக்குச் சொல்லாமல் விடேல்லையே. மழையைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன?”

இதற்கு நான் கொடுத்த பதிலை எழுத விரும்பவில்லை. நல்ல பதில் அல்ல. உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்லும் வகைப் பதில்.

“சரி, விடுங்கோ” என்றாள். “பிழை எல்லாருக்கும் வரும். ஓகஸ்டில எங்களுக்கு மழை எண்டு ஆர் நினைப்பினம்? நானும் நினைக்கேல்லை. கிறகரி நினைக்கவே மாட்டான். ஆனால் முடிவு எழுதுறதுக்கு உங்களை ஆர் கேட்டது? மூண்டு எழுதியிருக்கிறியள். மூண்டிலயும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை.”

திரும்பக் கொப்பியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. (அ)வில் நான் மறைக்கிறேன். (ஆ)வில் அவள் தலையாட்டுகிறாள். (இ)யில் தேத்தண்ணி குடிக்கிறாள். மூன்றிலும் அவள் வாயால் நான் பேசியிருக்கிறேன்.

“இப்ப கேக்கிறன்” என்றேன். “என்ன செய்வம்?”

“எனக்கு என்ன தெரியும்? நான் அந்த ஆத்தைக் கண்டனானோ? கண்டவளிட்டைக் கேப்பம்.”

என்னுடைய போனை எடுத்தாள். குசுமாவதியின் இலக்கம் அவளுக்கு மனப்பாடம். மூன்று தரம் அடித்தபின் அந்தப் பக்கம் எடுத்தார்கள். லூசியா போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தபடி எழுந்து வாசலுக்குப் போனாள். கிறகரி வழிவிட்டான்.

“அக்கா, நான் லூசியா. … ஓம் ஓம், அண்ணை இப்பதான் சொன்னவர். … இல்லையக்கா, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? … கேளுங்கோ, ஒரு கதை. உங்களுக்கும் ஒக்டோபரில கிளினிக்தானே? … ம். … உங்கட மகன் எங்களைக் கூட்டிக்கொண்டு போறது இருக்கட்டும். நாங்கள் வாறம், வரேல்லை, அதையும் விடுங்கோ. நீங்கள் உங்களுக்காகச் சொல்லுங்கோ. இந்த ஓகஸ்டில, இந்த மழைக்குள்ள, நீங்கள் ஏறுவீங்களா?”

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். வெளியே காற்று பனைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. குசுமாவதியின் குரல் எனக்குக் கேட்கவில்லை. கிறகரி தன் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி, மெல்லக் குனிந்து, சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தான். இறுக்கினானா, அவிழ்த்தானா என்று நான் கவனிக்கவில்லை.

நானும் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். லூசியாவின் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்தே எதையும் மறைக்கத் தெரியாத முகம். பார்த்தால் எழுதிவிடுவேன் என்றுதான் பார்க்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் வாசலில்தான் நிற்கிறாள், வெளிச்சத்தை நோக்கி. உங்களுக்குத் தெரிகிறதென்றால், நீங்கள் பாருங்கள்.